அழகர் இறங்கும் நாளுக்குக் கூலி கேட்டவள்

மதுரைக் கோர்ட்டில் வாதாடிய எந்த வக்கீலும் எங்கள் மில் பதிலியக்காவுக்கு எதிரே நின்றிருந்தால், கறுப்புக் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டு வெற்றிலைக் கடை வைக்கப் போயிருப்பார்!

அது யுத்த காலம். நான் அந்தப் பஞ்சாலையில் வாசல் குமாஸ்தா. சங்கு ஊதியதும் எந்த நிரந்தரத் தொழிலாளி வரவில்லையோ, அவர் இடத்துக்கு வாசலில் காத்திருக்கும் பதிலிகளில் ஒருவரை உள்ளே விடுவோம். அன்றைய கூலி அந்தப் பதிலிக்கு. யாரும் மட்டம் போடாவிட்டால் வந்த வழியே வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அக்காவுக்கு இது வேலை மட்டுமல்ல, சுபாவம். கல்யாண வீட்டில் அத்தைக்காரி வரவில்லையா, ஆரத்தித் தட்டோடு இவள் நிற்பாள். சாவு வீட்டில் மகள் இன்னும் வந்து சேரவில்லையா, "அவ வார வரைக்கும் அவளுக்குப் பதிலா நான் அழுறேன்" என்று தெருவே கலங்க ஒப்பாரி வைப்பாள். மகள் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி கேட்பாள்.

அப்பேர்ப்பட்டவள், வைகைக் கரையிலேயே பிறந்தும், அழகர் ஆற்றில் இறங்குவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்று மில்லுக்கு லீவு. நிரந்தர ஆட்களுக்குக் கூலியோடு லீவு, பதிலிகளுக்கு வெறும் லீவு. தண்ணீர்ப் பந்தல்களுக்குக் குடம் சுமந்தால்தான் அன்று அவள் வீட்டில் உலை கொதிக்கும்.

ஒரு வருஷம், திருவிழாவுக்கு முந்தின நாள், மானேஜரை வாசலில் மறித்துவிட்டாள்.

"எசமான், நாளைக்கு நிரந்தர ஆளுக ஒருத்தரும் வரமாட்டாகல்ல?"

"வரமாட்டாங்க. லீவு."

"ஆனா அவுகளுக்குக் கூலி உண்டு?"

"உண்டு."

"அப்பச் சரி. விடியக்காலம் நான் வந்து வாசல்ல நிக்கிறேன். வராத அம்புட்டுப் பேருக்கும் பதிலா நான்தேன். அம்புட்டுக் கூலியையும் எடுத்து வைங்க!"

மானேஜர் சிடுசிடுத்தார்: "நீ தினமும் வேலை பாக்குறவ இல்லையே. உனக்கு எதுக்கு லீவுக் கூலி?"

"நான் தெனமும்தேன் வாரேன். உள்ள விடாதது நீங்கதானே, எசமான்?"

அம்மாடி! அந்த மனுஷர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். கடைசியில், பதிலிகள் எல்லோருக்கும் அவரவர் வேலை பார்த்ததற்குத் தக்கபடி திருவிழாக் கூலி உண்டு என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். வாசலில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

மறுநாள் விடியலில் ஆற்று மணலில், கூட்டத்துக்கு நடுவே அவளைப் பார்த்தேன். தலை நிறையப் பூ. இடுப்பில் குடம் இல்லை.

"யாருக்குப் பதிலா வந்திருக்கீக, அக்கா?" என்று வம்புக்குக் கேட்டேன்.

"போ தம்பி. இன்னைக்கு நானேதேன் வந்திருக்கேன்" என்றவள், தங்கக் குதிரை தெரிந்ததும் கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு அழுதாள்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அந்த வருஷம் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வந்தார் என்பது இன்றுவரை தெரியாது.