யானை இடித்த சுவருக்கு மூன்று தலைப்பு

நெல்லியாளம்,
வெள்ளிக்கிழமை.

பர்லியாரில் பழக்கடை வைத்து நாலு பேர் மதிக்க வாழ்ந்துவரும் வருங்காலச் சம்பந்தி உயர்திரு ரவிச்சந்திரன் அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற வீரையா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பொன்னாயியும் மகள் கோகிலவாணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சமையலறைச் சுவருக்குத்தான் சுகமில்லை. அங்கே தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் மாப்பிள்ளை வசந்த்குமாரும் குறைவில்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. புதன்கிழமை சாயங்காலம் தாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரி கிடைத்தது. "செய்தி பார்த்தோம். கல்யாணத்தைக் கொஞ்சம் ஆறப்போடலாம்." அவ்வளவுதான். யானையை நேருக்கு நேர் பார்த்தபோதுகூட நான் இப்படிக் கலங்கவில்லை, சம்பந்தி. ஏழு தடவை போன் அடித்தேன், தாங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பதில் போடலாமென்றால், அதையும் யாராவது படம் பிடித்து எங்காவது போட்டு ஒரு தலைப்பு வைத்துவிடுவார்களோ என்று பயம். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். போன வாரம் வனத்துறையார் ஒரு ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து, பலாப்பழ சீசன், யானை வரும், வீட்டுப் பக்கத்து மரங்களில் இருக்கும் பழங்களை இறக்கிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு பலா மரம். லயத்தில் பத்து வீடு. ஒன்பது வீட்டார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு மெமோகூட வாங்காமல் வேலை பார்த்தவன் நான், இந்த அறுபத்து நாலு வயதில் மரமேறிப் பதினான்கு பழத்தையும் இறக்கினேன். ஒன்றைக்கூட விடவில்லை. இறக்கியதை எங்கே வைப்பது? கல்யாண வீடாயிற்றே, வருகிறவர்களுக்கு ஆகும், தங்களுக்கும் நாலு அனுப்பலாம் என்று சமையலறையில் சுவரோரமாக அடுக்கிச் சாக்கைப் போட்டு மூடினேன். பழக்கடைக்காரருக்கே பழம் அனுப்புவதா என்று பொன்னாயி சிரித்தாள். மரத்தில் இருக்கக் கூடாது என்றுதான் மைக்கில் சொன்னார்கள், வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று நாளில் எல்லாம் ஒன்றாகப் பழுத்தது. வாசனை பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியும் நேரம். பொன்னாயி தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள், "யாரோ செவுத்தைத் தட்டுறாங்க, என்னன்னு பாருங்க" என்றாள். "கதவு இருக்கிறப்ப செவுத்தை எவன் தட்டுவான்?" என்று நான் கேட்டு வாய் மூடவில்லை, சுவர் உள்ளே வந்துவிட்டது. அதன் பின்னால் தும்பிக்கை வந்தது. நாங்கள் மூன்று பேரும் முன்வாசல் வழியாக எப்படி வெளியே வந்தோமென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. யானை இருந்த பழம் அத்தனையையும் அவசரமில்லாமல் தின்று முடித்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் எங்கள் பக்கத்துச் செய்திகளை வாட்ஸ்அப் குழுவில் போடுகிற டெனின் என்று ஒரு மலையாளத் தம்பி இருக்கிறார். காலை ஏழு மணிக்கே போட்டுவிட்டார்: "காட்டு யானை வெறியாட்டம்! நூலிழையில் உயிர் தப்பியது ஏழைக் குடும்பம்." அடடா, அந்த நாலைந்து மணி நேரம் நான் வாழ்ந்த வாழ்வு! பக்கத்து வீட்டுச் சின்னம்மை பிளாஸ்க் நிறையக் காப்பியோடு ஓடி வந்தாள். "அண்ணே, நீங்க உசுரோட நிக்கிறதே எங்களுக்குப் போதும்ண்ணே" என்று அழுதாள். அவள் அழுததைப் பார்த்து எனக்கே என்மேல் இரக்கம் வந்து நானும் அழுதேன்.

பதினோரு மணிக்கு டெனின் நேரில் வந்தார். கீழே கிடந்த பலாக்கொட்டைகளைப் பார்த்தார். "சேட்டா, சக்கைய உள்ளாற வச்சிருந்தீங்களா?" என்று பலாப்பழத்தைக் கேட்டார். "ஆமா தம்பி, பதினாலு" என்று பெருமையாகச் சொன்னேன். மத்தியானம் தலைப்பு மாறிவிட்டது: "வீட்டுக்குள் பலாப்பழம் பதுக்கிய முதியவர்! அலட்சியத்தால் பத்துக் குடும்பங்களின் உயிரோடு விளையாட்டு." அதே யானை, அதே சுவர், அதே போட்டோ! சின்னம்மை திரும்பி வந்து பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டாள். பாதிக் காப்பி அதிலேயே இருந்தது. "புள்ளகுட்டி இருக்கிற லயத்துல இப்படியா செய்வாங்க?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். முந்தின நாள் அந்தப் பழத்தில் சுளை கேட்டு வாங்கித் தின்றவள், சம்பந்தி, அவள்!

புதன்கிழமை வெளியூரில் யாரோ அதை எடுத்து இன்னொரு விதமாகப் போட்டார்கள்: "யானையின் உணவைப் பறித்த மனிதன்! பசியில் சுவரை உரசிய வாயில்லா ஜீவன்." உரசியதாம்! பெங்களூரிலிருந்து ஒரு பெண்மணி என் நம்பரைத் தேடிப் பிடித்து ஆங்கிலத்தில் திட்டினார். கோகிலவாணி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

டெனினைப் பிடித்து, ஏன் தம்பி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "சேட்டா, மொதல்ல போட்டதை நாப்பது பேர்தான் பார்த்தாங்க. யாரு மேல தப்புன்னு போட்டாத்தான் ஆளுங்க படிக்குது" என்றார். "அப்ப யானை மேல தப்புன்னு போடேன்" என்றேன். "யானைக்கு வாட்ஸ்அப் இல்லல்லோ. நம்ம திட்டினா அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

தாங்கள் பார்த்தது இரண்டாவதா மூன்றாவதா என்று எனக்குத் தெரியாது. முதலாவதைப் பார்த்திருந்தால் இந்நேரம் ஒரு கூடைப் பழத்தோடு பஸ் ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். மாப்பிள்ளையும் இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. கோகிலவாணி சாப்பிட உட்காருகிறாள், தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறாள். எவனோ வைத்த நாலு வார்த்தையைப் பார்த்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையை நிறுத்தலாமா? சம்பந்தி வீட்டாரிடம் நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? மனிதர்களைச் செய்தி பார்த்து எடை போடுவதைவிடப் பாவம் வேறு உண்டா? தயவுசெய்து ஆனி இருபத்திரண்டாம் தேதி முகூர்த்தத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். மாப்பிள்ளை நூறு வயது நோய் நொடியில்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
வீரையா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பொன்னாயி போனைக் கொண்டுவந்து நீட்டினாள். குன்னூர்ப் பக்கத்துச் செய்தி. "குரங்குகளுக்குப் பழம் போட்டுப் பழக்கிய பர்லியார் கடைக்காரர்! பச்சிளம் குழந்தையின் கையைக் குதறிய கொடூரம்." படத்தில் இருப்பது தங்கள் கடை. தாங்களும் நிற்கிறீர்கள், அதுவும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு! பச்சைக் குழந்தை சார்! தங்களை இப்படிப்பட்டவர் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கோகிலவாணி படித்துக்காட்ட வந்தாள். "இன்னும் படிக்க என்ன இருக்கு?" என்று தடுத்துவிட்டு, நம் சொந்தக்காரர் குழுக்கள் மூன்றிலும் போட்டுவிட்டேன். ஆகையால் முகூர்த்தத்தை ஆவணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், நாங்களும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இதைக் கோகிலவாணியிடம் சொன்னேன். "சம்பந்திங்க ரெண்டு பேருக்கும் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னும் திறக்கவில்லை.