ஒரு வாளி ரான்ச்

மோர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வெர்லின் ஹாயெக் கிண்ணத்துக்குள் கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தார். கரண்டியில் எதுவும் ஒட்டவில்லை. வந்த வழியே ஒழுகிக் கிண்ணத்துக்குள் போய்விட்டது.

தண்ணியாக இருக்கிறது என்று அவர் யாரிடமும் குறை சொல்ல முடியாது. அப்படிச் சொன்னதால் வந்ததுதான் இத்தனையும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில், ஊர் முழுக்க உட்கார்ந்திருந்த மேசைகளுக்கு நடுவில், மனைவி மார்லிஸ் செய்து கொண்டுவந்த ரான்ச் என்ற சாலட் சாஸைத் தன் தட்டிலிருந்த கீரையின் மேல் ஊற்றிவிட்டு, "இது டிரெஸ்ஸிங்கா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கேட்டார் வெர்லின். நாலைந்து பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தங்கள் கோழித் துண்டைக் கவனமாகப் பார்த்தார்கள். மார்லிஸும் சிரித்தாள். 

மறுநாளே அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். வெர்லின் புல்வெட்டும் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"லிங்கன் டவுன்ல அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வந்ததும் நாம உக்காந்து பேசணும், வெர்லின். நிறையப் பேசணும்."

"எத்தனை நாள்?" என்றார், தலையை வெளியே நீட்டாமலே.

காரின் பின்கதவு மூடிக்கொண்டது.

"மார்லிஸ், எத்தனை நாள்னு கேட்டேன்."

கார் கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

கொஞ்ச காலமாகவே அவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அவளிடமிருந்து பதில் வருவதில்லை. புன்னகைப்பாள், இல்லையென்றால் தலையாட்டுவாள். பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது பொறுமை இல்லை, கோபத்தின் சேமிப்பு என்று இப்போது தோன்றியது. நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர்கள் எதையும் உடனே செலவழிப்பதில்லை.

கைபேசியில் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. நேற்று அக்கா வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தவர் அக்காவின் கணவர் ஆர்வில்.

"மார்லிஸ் இருக்காளா?"

"அக்காவும் தங்கையும் ஒரு ஆளைப் பாக்கப் போயிருக்காங்க, சகலை."

"யாரை?"

"அதை என் வாயால சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. அவளே உன்கிட்ட நேர்ல பேசிக்குவாளாம். நாளைக்கு ஒரு தடவை போய்க் கையெழுத்துப் போட்டாப் போதும், முடிஞ்சுது."

கையெழுத்து. வெர்லின் போனை வைத்தார். கையெழுத்து வாங்குகிற ஆள் வக்கீலைத் தவிர வேறு யார்?

அதனால்தான் இன்று விடிந்ததும் அடுக்களைக்குள் புகுந்தார். கடையில் வாங்கிய பாட்டிலோடு போய் நின்றால் அது மன்னிப்பு ஆகாது. வாயால் வந்த வினையைக் கையால்தான் தீர்க்க வேண்டும். கெட்டியாக, க்ரீமாக, கரண்டி நட்டால் நிற்கும்படி ஒரு ரான்ச் செய்து அவள் முன்னால் வைத்து, "இனிமே நானே பண்றேன்" என்று சொல்லிவிடுவது என்று முடிவு. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து தின்றிருக்கிறார். மோர், மயோனைஸ், பூண்டு, கொஞ்சம் தழை. இதில் என்ன கஷ்டம்?

தண்ணியாகப் போனதற்கு மருந்தாக மயோனைஸைப் போட்டார். ஒரு கரண்டி போதவில்லை. பாட்டிலைக் கவிழ்த்து அடியில் ஒரு தட்டுத் தட்டினார். மொத்தமும் பொத்தென்று விழுந்தது. இப்போது கரண்டி நின்றது, ஆனால் வெளியே வர மறுத்தது. மறுபடி மோர். கிண்ணம் தளும்பியது. சூப் பாத்திரத்துக்கு மாற்றினார்.

ருசி பார்த்தால் எதுவுமே இல்லை. உப்புப் போட்டார். டப்பாவின் மூடி தூவுகிற மூடி இல்லை, கழற்றுகிற மூடி என்பது கழன்ற பிறகுதான் தெரிந்தது.

உப்பு கூடிப்போன சூப்பில் உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று தானியக் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. உருளைக்கிழங்கை வேகவைத்து, மசித்து, பாத்திரத்தில் கலக்கினார். உப்பு அப்படியே இருந்தது. ரான்ச் மட்டும் சுவருக்குப் பூசுகிற பதத்துக்கு வந்துவிட்டது. மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றினால் இளகும் என்று பாதியை அதில் அள்ளிப் போட்டார். மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது மார்லிஸுக்குத் தெரியும். மிக்ஸி அதை வெர்லினுக்கும் சொல்லிக்கொடுத்தது.

கூரையிலிருந்து ரான்ச் சொட்டிக்கொண்டிருந்தபோதுதான் பின்கதவைத் திறந்துகொண்டு அடுத்த வீட்டு பெர்னீஸ் உள்ளே வந்தாள். சர்ச் அடுக்களை அவள் ஆட்சியில்தான் நடக்கிறது. மார்லிஸ் அங்கே விட்டுவிட்டு வந்த கேக் தட்டைத் திருப்பித் தர வந்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன வெர்லின், பேய் ஓட்டறியா?"

"ரான்ச் பண்றேன்."

"பூண்டு எவ்வளவு போட்ட?"

"ஒரு பூண்டு."

"ஒரு பல்லா, முழுசா?"

வெர்லின் யோசித்தார். "பல்லுன்னா என்ன?"

பெர்னீஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுண்டுவிரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். 

"எப்படி இருக்கு?"

"கண்ணுல தண்ணி வருது. அழறேன்னு நினைச்சுக்காத."

"சரி பண்ண முடியுமா?"

"இதுக்குச் சரியா மோரும் புளிச்ச க்ரீமும் சேக்கணும்னா நம்ம ஊர் மாடு பத்தாது. யாருக்கு இது?"

அவர் சொன்னார். கையெழுத்தையும் சொன்னார். பெர்னீஸின் முகத்தில் இருந்த கிண்டல் மெல்ல இறங்கிப்போனது.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அன்னைக்கு அது ஏன் தண்ணியா இருந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? பக்கத்து ஊர் வாலிபால் பிள்ளைங்க ஒரு பஸ் நிறைய வந்துட்டாங்க. பாஸ்டர் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டுட்டார். இருந்த ரான்ச்சுல மோரை விட்டுப் பெருக்கித்தான் அத்தனை பேருக்கும் வந்துச்சு. மார்லிஸ் தன் தட்டுல ஒரு சொட்டு ஊத்திக்கலை."

வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீ கேட்ட கேள்விக்கு எனக்கே உன் தலையில தட்டைக் கவுக்கணும்போல வந்துச்சு. அவ சிரிக்கறா. எப்படித்தான் சிரிக்க முடிஞ்சுதோ, போ."

"நான் வேடிக்கையாத்தான் சொன்னேன்."

"வேடிக்கைன்னா ரெண்டு பேரும் சிரிக்கணும்."

"அவ சிரிச்சாளே."

"மனசுல பட்டும் சிரிச்சா. அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் பெர்னீஸ்.

அவள் போன பிறகு வெர்லின் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். தினமும் ராத்திரி சாப்பாட்டில் தட்டைப் பார்த்து ஏதாவது ஒன்று சொல்வது அவர் வழக்கம். கொத்துக்கறியை ரொட்டிபோல் சுட்ட மீட்லோஃப் வந்தால், "இதைக் கூரைக்குப் போட்டா மழை இறங்காது." ஆப்பிள் பை என்கிற மாவுப் பலகாரம் வந்தால், "ரம்பம் எங்க?" தானியக் கிடங்கில் எல்லாரும் எல்லாரிடமும் அப்படித்தான் பேசினார்கள். அதில் பாசம் இருந்தது. பாசம் என்று அவர்களுக்குத் தெரியும்படி அங்கே முதுகில் தட்டவும் செய்தார்கள். வீட்டில் அவர் தட்டியதில்லை. நன்றாக இருக்கிறது என்று எப்போதாவது சொன்னோமா என்று தேடிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் ஒரு முறை சொன்னதாக ஞாபகம். அதுவும் அவளுடைய அம்மா செய்த சூப்பைப் பற்றி.

எழுந்துபோய்க் கடையில் இருந்த மோர் அவ்வளவையும் வாங்கி வந்தார்.

சூப் பாத்திரம் போதாமல் ஜாடிகளைக் கொதிக்கவைக்கும் பெரிய அண்டாவுக்கு மாறியது ரான்ச். பூண்டை அடக்க எலுமிச்சை, எலுமிச்சையை அடக்கச் சர்க்கரை, சர்க்கரையை அடக்க மிளகு. நாய்க்குக் கொஞ்சம் வைத்தார். அது முகர்ந்தது, அவரை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தது, எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது. கடைசியில் எந்த ருசியும் தனியாகத் தெரியாத ஒரு நிலைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு மேல் அதைத் தொட அவருக்குத் துணிச்சல் இல்லை. ஐஸ்க்ரீம் வாங்கிய பிளாஸ்டிக் வாளி ஒன்றில் நிரப்பி, மூடி, பிக்கப் வண்டியில் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டினார்.

வழியெல்லாம் சோள வயல். வழியெல்லாம் ஒத்திகை.

"மார்லிஸ், நான் பேசினது தப்பு" என்று வாளியைப் பார்த்துச் சொன்னார். சொன்னது ரொம்பக் குட்டையாக இருந்தது. "மார்லிஸ், நான் இத்தனை வருஷமாப் பேசினது தப்பு."  ரயில் தண்டவாளத்தில் வண்டி எகிறியதில் வாளியின் மூடி திறந்து, அவர் சட்டை வரைக்கும் மன்னிப்பு தெறித்தது. வண்டியை ஓரம் கட்டி, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, ஜன்னல்களை இறக்கிவிட்டு ஓட்டினார்.

லிங்கனில் கதவைத் திறந்த ஆர்வில் முதலில் வாளியைப் பார்த்தார். பிறகு சட்டையைப் பார்த்தார்.

"என்ன சகலை, பெயின்ட் வேலையா?"

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"காலைலயே ஆச்சு."

வெர்லின் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டார். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?"

"ஏன் முடியாது? பிடிக்கலைன்னா முப்பது நாளைக்குள்ள திருப்பிக் குடுத்துடலாமாம்."

"என்னையா?"

"உன்னை யாருய்யா திருப்பி வாங்குவான்? மிஷினை." ஆர்வில் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, வாங்கியாச்சு, இனிமே சொன்னா என்ன. காது மிஷின். நாலு வருஷமா அவளுக்குக் காது சரியாக் கேக்கலை. உன்கிட்ட சொன்னா கிழவின்னு கேலி பண்ணுவியோன்னு மறைச்சு வெச்சிருந்தாளாம். நிஜமாவே உனக்குத் தெரியாதா?"

வெர்லினுக்குத் தெரியாது. பதில் வராத கேள்விகள், எடுக்கப்படாத போன், வீடு அதிர ஓடும் டிவி, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. ஒரே வீட்டில், ஒரே மேசையில், தட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே அவர் அவளைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். அந்த வெட்கத்தில் காது மடல் சூடானது.

"அப்ப ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல, நான் ரான்ச்சைப் பத்திச் சொன்னது..."

"ரான்ச்சா? அவ ஒண்ணும் சொல்லலையே. சர்ச்சுல அத்தனை பேர் பேசற இரைச்சல்ல அவளுக்கு எது கேக்கப்போகுது?"

வெட்கத்தை முந்திக்கொண்டு நிம்மதி வந்தது. வந்ததற்காக இன்னும் கொஞ்சம் வெட்கப்பட்டார், ஆனாலும் நிம்மதி நிம்மதிதான். பாத்திரம் கழுவிய தண்ணி கேட்கவில்லை. ரம்பம் கேட்கவில்லை. கூரை கேட்கவில்லை. நாலு வருடத்தில் எதுவும் அவள் கணக்கில் ஏறவில்லை. விடுதலையான கைதியைப் போல மூச்சை விட்டார். இனிமேல் ஒழுங்காக இருந்துகொள்ளலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. வாளியை மெதுவாகக் கீழே இறக்கி, காலால் வாசல் செடிக்குப் பின்னால் தள்ளினார்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"யாரு, வெர்லினா?" மார்லிஸின் குரல். "வாசல்ல பேசற பேச்சு எவ்வளவு தெளிவாக் கேக்குது, அக்கா."

அவள் நடந்து வரும் சத்தம் கேட்டது. ஆர்வில் வெர்லினின் தோளில் கை போட்டு, காதருகே குனிந்தார்.

"நீ குடுத்து வெச்சவன், சகலை. முன்னல்லாம் கேலி பண்ணுவியாம், இப்பல்லாம் தினம் ராத்திரி தட்டைப் பாத்து அவ சமையலைப் புகழ்ந்து நீ ஏதோ சொல்லுவியாமே. அதை இனிமே ஒரு வார்த்தை விடாம கேக்கணும்னுதான் அவ அந்த மிஷினையே மாட்டிக்கிட்டா."