அகராதியை முடிக்கப் போகிறவர்

வேலை செய்பவர்களை உங்களுக்குத் தெரியும். செய்யாதவர்களை அதைவிட நன்றாகத் தெரியும். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு: முடிக்கப் போகிறவர். ராப்பகலாக உழைப்பார், சோம்பேறி என்று வாய் தவறியும் சொல்லிவிட முடியாது. எடுத்த காரியம் மட்டும் முடியவே முடியாது. அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். என் அக்காவின் கணவர்தான்.

அத்தான் மொழியியல் பேராசிரியர். ஆஸ்திரோனேசிய மொழிகள் அவர் துறை. அதாவது ஒரு பெருங்கடலின் ஓரத்தில் தொடங்கி இன்னொரு பெருங்கடலின் நட்டநடு வரை சிதறிக் கிடக்கும் தீவுகளில் பேசப்படுகிற, ஆயிரத்துச் சொச்சம் மொழிகள் கொண்ட பெரிய குடும்பம். "அத்தனையும் பேசுவீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவருடைய வாயைத் திறக்கச் சொன்ன பல் டாக்டர் அப்படிக் கேட்டுவிட்டு, அரை மணி நேரம் அதை மூட வைக்கப் பாடுபட்டார்.

அந்த ஆயிரத்தில், முந்நூறு பேர் மட்டும் பேசுகிற ஒரு சின்னத் தீவின் மொழிக்கு அகராதி எழுதித் தருவதாக, அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு இருபத்திரண்டு வருஷம் முன்பு வாக்குக் கொடுத்தார். அன்று முதல் சொற்கள் அட்டையில் ஏறின, அட்டைகள் ஷூ டப்பாவில் ஏறின, டப்பாக்கள் சாப்பாட்டு மேஜையில் ஏறின. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டோம்.

ஏன் முடியவில்லை என்கிறீர்களா? மீன் கூடைக்கு ஒரு சொல் இருக்கும். அது சரிதானா என்று பார்க்கப் பக்கத்துத் தீவுக்குப் போவார். அதைச் சரிபார்க்க அதற்கும் அடுத்த தீவு. அங்கிருந்து நாலாயிரம் வருஷம் பின்னால் போய், இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியில் அது எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, உயிரோடிருக்கும் எந்தக் காதும் கேட்டிராத ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, இது ஊகம்தான் என்பதற்கு அடையாளமாக அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டு, கண் கலங்கி உட்கார்ந்திருப்பார். அதற்குள் சாயங்காலம். அடுத்த சொல் நாளைக்கு.

"நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி யார் என்ன சொன்னாங்கன்னு தெரியுது. காலைல நான் என்ன சொன்னேன்?" என்பாள் அக்கா.

"என்ன சொன்னே?"

"பிளம்பருக்குப் போன் பண்ணச் சொன்னேன்."

டீச்சர் வருஷத்துக்கு ஒருமுறை போன் செய்வார். அத்தான் அவர் மொழியிலேயே குழைந்து குழைந்து பேசிவிட்டு எங்களுக்குச் சாரம் சொல்வார்.

"பிள்ளைங்க இப்ப வீட்ல கூட அந்தப் பாஷை பேசறதில்லையாம். புஸ்தகம் எப்ப வரும்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரே ஒரு தடவை சரிபார்த்துட்டு அனுப்பறேன்னேன்."

இந்த வருஷம் போன் வரவில்லை. பார்சல் வந்தது. உள்ளே, கோணல்மாணலாகத் தைத்த எண்பது பக்க அகராதி. டீச்சரே பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பிச் சொல் பொறுக்கி, அவர்களையே படம் போடவும் வைத்து, அச்சடித்தும்விட்டார். முதல் பக்கத்தில் அத்தானுக்கு நாலு வரி. அவரே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நண்பருக்கு நன்றி. அவர் முடிச்சுத் தருவார்னு காத்திருந்தோம். அப்ப காத்திருந்த பிள்ளைங்களுக்கே இப்ப பிள்ளைங்க பொறந்தாச்சு. அதனால..." அதோடு புத்தகத்தை மூடிவிட்டார்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது, நிஜமாகவே. மனுஷன் ஆயுசில் பாதியைக் கொட்டிய வேலை.

அக்கா மேஜையிலிருந்து ஒரு டப்பாவை மெதுவாக எடுத்தாள். "போகட்டும் விடுங்க. இருக்கிற அட்டையெல்லாம் அப்படியே அவங்களுக்கு அனுப்பிடலாம். அடுத்த பதிப்புல சேர்த்துக்குவாங்க. நானே கட்டித் தரேன்."

"சரி" என்றார் அத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. அக்கா கயிறு எடுக்க உள்ளே ஓடினாள். வருவதற்குள் இவர் மூன்றாம் பக்கத்தைப் புரட்டிவிட்டார்; சிவப்புப் பேனா கைக்கு வந்துவிட்டது.

"மீன் கூடைக்கு என்ன போட்டிருக்காங்க பாரு. தப்பு."

சாயங்காலத்துக்குள் நாற்பத்து மூன்று தப்பு. எல்லாம் அட்டையில் ஏறிவிட்டன. அட்டைகளுக்குப் புது ஷூ டப்பா. அதையும் சேர்த்து அனுப்பிவிடுவாராம், ஒரே ஒரு தடவை சரிபார்த்துவிட்டு. அக்கா கயிற்றைக் கொடியாகக் கட்டித் துணி காயப்போட்டுவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்களும் யாரிடமோ "இதோ, முடிஞ்சுது" என்று சொல்லிவைத்த காரியம் ஒன்று எங்கேயாவது டப்பாவில் கிடக்கும். அவர்கள் இன்னும் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தால் கவலையில்லை. கேட்பதை நிறுத்திவிட்டார்களா என்று மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.