வால் முளைத்த மஅமூல்

இர்பித்,
பெருநாளுக்கு முந்தைய நாள்

அன்புள்ள தங்கை மைசூனுக்கு அக்கா சுஹாத் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். தூர தேசத்து மால்மோவில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலமாக இருந்தால்தானே நான் திட்டுவதைத் தாங்க முடியும்.

இன்று காலை தொழுகை முடிந்ததும் முதல் வேலையாக, பெருநாள் பலகாரமான மஅமூலுக்குப் பிசைந்து வைத்த மாவைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாக ஊறியிருந்தது. ஆனால் மர அச்சு பிளந்து கிடந்தது. பாத்திரம் காயும் தட்டில் ரோஜா நிறத்தில் ஒரு சிலிக்கோன் கிண்ணம், அடியில் துளையுள்ள சிறு வாலுடன். இப்போதெல்லாம் கடையில் அச்சு இப்படித்தானே வருகிறது, ரஹஃப் வாங்கியிருப்பாள், என் பெண்ணுக்கு இந்தப் பொறுப்பாவது வந்ததே என்று மனம் குளிர்ந்து, பேரீச்சம்பழம் அடைத்து அறுபது அழுத்தி எடுத்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வால். சுட்டதும் முதல் தட்டை ரஹஃபுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்பினேன், வேறெங்கே அனுப்புவேன். ரஹஃப் எழுந்து வந்தாள், மிச்சத்தைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது நீ அவளுக்கு அனுப்பிய மாதவிடாய்க் கப்பாம். இன்னும் பயன்படுத்தவே இல்லை என்று அவள் சத்தியம் செய்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வந்த மூச்சில் கத்தினேன் மைசூன். கல்யாணம் ஆகாத பொண்ணு, நிச்சயம் முடிஞ்சு நாலு மாசம்கூட ஆகல, உள்ள வைக்கிற சாமானாம், ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது. நானும் வேதியியல் பட்டதாரிதான், ஆனால் அந்த நேரத்தில் என் வாயால் பேசியது வேறு யாரோ. அவளுக்கு அடுத்த மாதம் வாதி ரம் பாலைவனத்தில் பாறை பார்க்கும் கல்லூரிப் பயணம். மூன்று நாள், ஒதுங்க ஒரு இடமில்லை. வலிக்கும் என்கிறாள் ஒரு தோழி, ஒரு வருஷமா நிம்மதி என்கிறாள் இன்னொருத்தி. டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டாளாம். அப்புறம் ஏன் போடவில்லை என்றேன்.

"ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க யும்மா. எனக்கு அது பயமில்ல. அதுக்கப்புறம் நீ என்னை எப்படிப் பாப்பேன்னுதான் பயம்."

பதில் சொல்வதற்குள் சம்பந்தி, மாப்பிள்ளை யஸனின் தாய் உம்மு யஸனிடமிருந்து போன். நிச்சயம் முறிந்தது என்றே எடுத்தேன். மஅமூல் வாயில் கரைகிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இது சின்ன அளவுதானே, உம்மு ரஹஃப்? நான் ஆறு வருஷமா பெருசு. வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவர் அதை முட்டை வேகவைக்கிற கிண்ணம்னு நெனச்சிட்டிருக்கார்."

இந்த அம்மா முன்னால் நான் சத்தமாகத் தும்மியதுகூட இல்லை. போனை வைத்துவிட்டு, மிச்சத்தில் ஒன்றை எடுத்து வாலோடு கடித்தேன்.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன், இனி இப்படி எதையும் என் வீட்டுக்கு அனுப்பாதே. உன் கணவருக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் புத்தியையும் தரட்டும்.

உன் அக்கா,
சுஹாத்

பி.கு.: பெரிய அளவில் ஒன்று அனுப்பு. ரஹஃப் பயணம் கிளம்புவதற்குள் வந்து சேர வேண்டும். அவள் போடுவதற்கு முன்பே நான் போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அவளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.