பெனடிக்ட் சார் முகத்துக்குப் பொருந்தும் நீச்சல் கண்ணாடி

திருச்சியில் பொதுமக்கள் நீந்துவதற்கென்று ஒரு குளம் உண்டு. குளத்துக்கு ஓர் ஆபீஸ் உண்டு. ஆபீஸ் என்று இருந்தால் சுற்றறிக்கை வரும். மார்ச் மாதம் வந்தது: "நீந்துவோர் அனைவரும் பொருத்தமான நீச்சல் கண்ணாடி அணிதல் வேண்டும். பொருத்தத்தைப் பொறுப்பு அலுவலர் தாமே நேரில் சோதித்து முத்திரை இடுவார்."

நல்ல யோசனை என்றுதான் லிசி டீச்சரும் நினைத்தார். பாலக்கரையில் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். நாற்பத்தாறு வயதில் நீச்சல் கற்று, ஏப்ரலில் நடக்கவிருந்த பெண்கள் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார். வாழ்க்கையில் முதல் போட்டி. ராத்திரி தூக்கத்தில்கூடக் கை வீசுகிறார் என்று வீட்டுக்காரர் கட்டிலின் ஓரத்துக்குப் போய்விட்டார்.

காந்தி மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹீம் பாய் கடையில் டீச்சர் ஒவ்வொரு கண்ணாடியாகக் கண்ணில் வைத்துப் பார்த்தார். பட்டையை மாட்டாமல் லேசாக அழுத்தி, கையை எடுத்தால் இரண்டு நொடியாவது ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் தண்ணீர் புகாது. ஏழாவது நின்றது.

பொறுப்பு அலுவலர் பெனடிக்ட் நேர்மையானவர். நீளமான ஒல்லி முகம், கூரான மூக்கு. குளத்தில் கால் நனைத்ததில்லை. அவர் டீச்சரின் கண்ணாடியை வாங்கித் தன் கண்ணில் அழுத்தினார். கையை எடுத்ததும் அது மேசையில் விழுந்தது.

"பொருந்தலைங்க."

"சார், அது எனக்குங்க. என் கண்ணுல வச்சுப் பாருங்க."

"உங்க கண்ணுல வச்சா, பொருந்துதான்னு உங்களுக்குத்தான் தெரியும். கையெழுத்து நான் போடணும். எனக்குத் தெரியாத விஷயத்துக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

வரிசையில் நின்றவர்களில் ஒருவர், "அதுவும் சரிதானே" என்றார்.

டீச்சர் மூன்று முறை கண்ணாடி மாற்றினார். மூன்றும் விழுந்தன. நான்காம் முறை மாற்றப் போனபோது பாய் கேட்டார்: "நீந்தணுமா, பாஸ் ஆகணுமா?"

"பாஸ் ஆகணும் பாய்."

பாய் மேசைக்கடியிலிருந்து ஒரு பொம்மைத் தலையை எடுத்து வைத்தார். பெனடிக்ட் சார் முகத்தைக் கண்ணாலேயே அளந்துவந்து சுண்ணச்சாந்தில் செய்தது. அதன் கண்ணில் ஒட்டி நின்ற கண்ணாடியைத்தான் ஊரே வாங்கியது. டீச்சரும் வாங்கினார். அது ஒரே நொடியில் பாஸ் ஆனது.

கிளார்க் ருக்ஸார் ஊதா மையில் கண்ணாடியின் உள்பக்கம் முத்திரை குத்தினார். வெளியே குத்தினால் தண்ணீரில் போய்விடுமாம்.

"கழுவாதீங்க, துடைக்காதீங்க மேடம். முத்திரை அழிஞ்சா செல்லாது."

"உள்பக்கம் விரலே படக்கூடாதும்மா, ஆவி படியும். நல்ல தண்ணியில அலசி நிழல்ல காய வைக்கணும்னு அட்டையில போட்டிருக்கு."

"அது கம்பெனி சொல்றது மேடம். இது ஆபீஸ் சொல்றது."

அதற்குள் முத்திரைக் கண்ணாடி நாகரிகமாகிவிட்டது. நீந்தத் தெரியாதவர்களும் அதை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பைக்கில் போனார்கள். ஒரு மாப்பிள்ளை ரிசப்ஷன் மேடையிலேயே அணிந்து நின்றார்.

போட்டி நாளில் ஆறு பெண்கள் குதித்தார்கள். ஆறு பேர் கண்ணாடியிலும் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் மறைக்காததை முத்திரை மறைத்தது. இரண்டு பேர் மோதிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி மோதினார்கள். இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஒருவர் பாதியில் திசை மாறிப் புறப்பட்ட சுவரையே போய்த் தொட்டார். லிசி டீச்சர் கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். கண் எரிய எரிய, கை வீச்சை எண்ணிக்கொண்டே நீந்தி எதிர்ச்சுவரைத் தொட்டார்.

முடிவு அறிவிக்கப்பட்டது. வெறுங்கண்ணுடன் வந்தமையால் டீச்சர் தகுதி நீக்கம். கண்ணாடி கழற்றாமல் சுவரைத் தொட்டவருக்கு முதல் பரிசு. எந்தச் சுவர் என்று விதியில் இல்லை.

டீச்சர் அன்று உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதார். கண் சிவந்திருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஜூனில் பெனடிக்ட் மாற்றலாகிப் போனார். ஸ்ரீரங்கத்திலிருந்து வைஷ்ணவி என்ற புது அலுவலர் வந்தார். கல்லூரி நாளில் நீச்சலில் மெடல் வாங்கியவர். முதல் நாளே எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்:

"இனிமே அவங்கவங்க கண்ணுல வச்சுப் பார்த்துக்குங்க. பொருந்தினா இறங்குங்க. முத்திரை வேண்டாம்."

முதலில் எழுந்தவர் லிசி டீச்சர்.

"அப்ப நாங்க வாங்கின முத்திரைங்க? நாலு தடவை நடந்திருக்கேன். நேத்து வந்தவங்க சும்மா இறங்குவாங்களா?"

"அதுல தண்ணி புகுந்துச்சுன்னு நீங்கதானே புகார் எழுதியிருக்கீங்க டீச்சர்?"

"புகுந்துச்சுங்க. ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி புகுந்துச்சு."

கூட்டம் கை தட்டியது. மறுநாள் காலை, முத்திரை வேண்டும் என்று இருநூறு கையெழுத்தோடு மனு வந்தது. வைஷ்ணவி அதை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியை முன்னுக்கு நகர்த்தி, "வரிசையில வாங்க" என்று முகத்தை நீட்டினார்.

அவருக்கு உருண்டை முகம். அன்று ஒரு கண்ணாடிகூட நிற்கவில்லை. ஆபீஸ் பழையபடி ஒழுங்காக நடக்கிறது என்று எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.