இரண்டு விசில் கேட்டால் எழுந்துவிடும் கழுத்து

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணங்கி எழுதிக்கொள்வது. வணங்கி என்பது பேச்சுக்குத்தான், கழுத்துப் பிடிப்பால் குனிய முடியவில்லை. அட்டையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து எழுதுகிறேன், வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவும் நீங்களும் சுகம்தானே?

நீங்கள் கைகாட்டிய வைத்தியரிடம் ஆறு நாளாகக் குப்புறக் கிடக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை டெப்போவில் உடல்தகுதிச் சோதனை. புதிதாக வந்திருக்கும் டாக்டர் "இடது பக்கம் திரும்புங்க, வலது பக்கம் திரும்புங்க" என்பாராம். வலது பக்கம் திரும்பாவிட்டால், இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவனை இறக்கி டயர் எண்ணும் அறையில் போட்டுவிடுவார்கள்.

வைத்தியர் என் பிடரியில் உளுந்து மாவால் வளையம் கட்டி, அதற்குள் வெதுவெதுப்பாகத் தைலம் ஊற்றி, "அரை மணி நேரம் அசையக் கூடாது" என்றார். மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டேன். ஆனால் அடுத்த அறையில் குக்கரில் கஷாய வேர் வேகிறதே! எங்கள் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிற்கணும், இரண்டு அடித்தால் கிளம்பணும். குக்கர் ஒன்று அடித்தது, சும்மா கிடந்தேன். அடுத்து இரண்டு சேர்ந்தாற்போல அடித்ததும் கால் தானாகக் கிளட்சைத் தேட, தலை நிமிர, வளையம் உடைந்து தைலம் முதுகு வழியாக இடுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "கழுத்துக்கு ஊத்துன மருந்தை எங்கய்யா கொண்டுபோறீங்க?" என்று வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்று நாள் இதே கூத்து. நாலாம் நாள் காதில் பஞ்சை அடைத்தார்கள், அவர் "எந்திரிங்க" என்றது கேட்காமல் ஒன்றரை மணி நேரம் ஊறினேன். வீட்டிலோ என் மனைவி வலது பக்கமாக வந்து நின்று சோதிக்கிறாள். நான் இடுப்போடு சேர்ந்து திரும்பினால், "கழுத்தைத் திருப்பச் சொன்னா வீட்டையே திருப்புறீங்களே!" என்கிறாள்.

ஒரே ஆறுதல் பக்கத்துக் கட்டில்காரர். நான் வரும்போதும் போகும்போதும் மாவு கட்டிக் குப்புறக் கிடப்பார், முகம் பார்த்ததில்லை. தங்கமான மனுஷன். ஆறு மாசமாக வலது பக்கம் பார்க்காமல்தான் ஓட்டுகிறேன், கண்டக்டர்தான் எட்டிப் பார்த்து "வரலாம்" என்கிறான் என்று அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அப்படியா, மேல சொல்லுங்க" என்று ஆதரவாகக் கேட்டார். டெப்போவில் கண்டக்டரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, நீங்களும் மூச்சு விடாதீர்கள். பதினாலு நாள் வைத்தியத்தை வியாழக்கிழமைக்குள் முடித்துவிடச் சொல்லி வைத்தியரிடம் பேசுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன் அத்தான்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

எப்போதும் நேராகவே பார்க்கும்,
உங்கள் மைத்துனன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் இன்றைய முறைக்குப் போய் வந்தேன். கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவரும் இடுப்போடு என் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழமை உங்களைப் பார்க்கப்போற டாக்டர் நான்தான்" என்றார். திட்டுவார் என்று பார்த்தால், "உங்க வண்டியில எத்தனை பேர் வர்றாங்க?" என்று மட்டும் கேட்டார். அறுபது பேர் என்றேன். என் மகளும் அதில்தான் காலேஜுக்குப் போகிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. கழுத்து சரியாகும்வரை வண்டி வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். வைத்தியரிடம் ஒன்றும் பேச வேண்டாம் அத்தான், பதினாலு நாளும் படுக்கிறேன். நாளையிலிருந்து டயர் எண்ணப் போகிறேன்.