ஆறுக்கும் எட்டுக்கும் இழுபறி

மாப்பிள்ளையின் பிக்கப் கிளம்பவே இல்லை. ஹார்லனுக்கு அது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. கிளம்பாத வண்டியை ஜெயித்தேன் என்று நெப்ராஸ்காவில் யாரிடம் போய்ச் சொல்வது?

மதியச் சாப்பாட்டில்தான் கோல்ட்டன் வாயை விட்டான். "மாமா, என் வி-எட்டு உங்க ஆறு சிலிண்டரை இழுத்துட்டுப் போயிடும்."

பந்தயம் இதுதான்: இரண்டு வண்டியையும் முதுகுக்கு முதுகு சங்கிலியால் கட்டி இழுக்க வேண்டும். தோற்றவர் ஒரு வருஷம் எதிராளியின் வண்டிக் கம்பெனித் தொப்பியோடு தேவாலயத்துக்கு வர வேண்டும். அதற்குப் பதில் ஹார்லன் மொட்டையே அடித்துக்கொள்வார்.

வி இன்ஜினில் கை வைப்பதில்லை என்பது அவர் கொள்கை. ஆனால் பந்தயம் பந்தயம்தானே?

"பேட்டரி போச்சு மாப்ளே. இரு, என்னோடத மாட்டுறேன்."

தன் வண்டியின் இரண்டு பேட்டரிகளையும் கழற்றி மாட்டினார். வி-எட்டு இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, அடங்கியது.

"ஹீட்டர் பிளக்கா இருக்கும். எங்க இருக்கு?"

"அடியில மாமா."

"எதுக்கு அடியில?"

"எல்லாத்துக்கும்."

கையை விட்டார். முழங்கையோடு மாட்டிக்கொண்டது.

"என் வண்டியில ஆறும் ஒரே வரிசையில ஒழுங்கா நிக்கும். பக்கத்துல நாற்காலி போட்டு வேலை பாக்கலாம். இதுல அந்தப் பக்கம் நாலு, இந்தப் பக்கம் நாலு. சுண்டெலியத்தான் மெக்கானிக்கா வைக்கணும்!"

"ஆனா சத்தம் கேட்டீங்கன்னா..."

"கிளம்பினாத்தானே சத்தம்!"

வெடுக்கென்று கையை உருவியதில் டீசல் குழாய் உடைந்தது. அதை மாற்ற, கேபினையே டிராக்டரால் தூக்க வேண்டியதாயிற்று.

மனைவி வெர்னா சில்லி என்கிற பீன்ஸ்-கறிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் கொண்டுவந்தாள். "பேசாம விட்டுடுங்க. சரியாச்சுன்னா உங்கள ஜெயிச்சிடும்."

"ஜெயிச்சிடுமா? அந்த ஸ்பேனர எடு!"

மறுநாள் மாலை வி-எட்டு உறுமியது. ஹார்லன் பூரித்துப்போனார். "மாட்றா சங்கிலிய!" என்று தன் வண்டிக்கு ஓடிச் சாவியைத் திருப்பினார். மூச்சுப் பேச்சில்லை. பேட்டரி இரண்டும் எதிரியிடம்.

அதற்குள் கோல்ட்டன் பின்னால் டிரெய்லரை மாட்டியிருந்தான். "நாளைக்கு வயோமிங்ல வேலையில சேரணும் மாமா. பந்தயத்த அடுத்த தடவ வச்சுக்கலாம்!"

வெர்னா வண்டி ஜன்னல் வழியே ரோல் பொட்டலத்தை நீட்டினாள். "பாத்தியா மாப்ளே? ரிப்பேர் பண்ணிக் குடுங்கன்னு மூணு மாசம் கெஞ்சினியே, அசைஞ்சாரா? நான் சொன்ன மாதிரி பந்தயம்னு இழுத்தே, ரெண்டே நாள்ல முடிஞ்சுது. எனக்குச் சமையலறை கட்ட வச்சதும் இப்படித்தான்."